பசுமைப் பழக்கம்: முதல் பயன் நம் உடலுக்கே

'பூமியைக் காப்போம்' என்ற சுவரொட்டி இல்லாத பல்கலைக்கழக வளாகத்தை இன்று பார்ப்பது அரிது. பனிக்கரடி ஒன்று, உருகும் பனிப்பாறை ஒன்று, கீழே ஏதாவதொரு மாணவர் மன்றத்தின் சின்னம். அதைக் கடந்துதான் நாம் தினமும் நெகிழிப் பையில் கட்டிய தே ஐஸை உறிஞ்சிக்கொண்டே விரிவுரை மண்டபத்துக்குள் நுழைகிறோம். பனிக்கரடியோடு நமக்கு எந்தப் பகையும் இல்லை. அது தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர். 2023இல் வந்த அடுத்த ஆய்வில் தேசிய அளவு 15.6 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆனால், எடை கூடியவர்களும் உடல் பருத்தவர்களும் சேர்ந்து 54.4 விழுக்காட்டைத் தொட்டிருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீரிழிவு கண்டறியப்பட்ட 18 முதல் 29 வயது வரையிலானோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்தது. அதாவது, நம் வயதுக்காரர்களுக்கு.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை மீது பாட்டியின் மாத்திரை டப்பா ஒன்றும் அப்பாவின் டப்பா ஒன்றும் எப்போதும் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பனிக்கரடியை ஓரமாக வைத்துவிடுகிறேன். வளாகத்தில் 'பசுமை' என்ற பெயரில் நமக்குச் சொல்லப்படும் பழக்கங்கள், அதாவது பொதுப் போக்குவரத்து, சொந்தக் குவளை, சொந்த உணவுக் கலன், தோட்டம் ஆகியவை, பூமிக்கு உதவுவதற்கு முன்பே நமக்கு உதவிவிடுகின்றன. இதை யாரும் நம்மிடம் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

முதலில் கால்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 லட்சத்துக்கும் அதிகமானோரின் திறன்பேசிகளில் பதிவான நடைக் கணக்கைத் திரட்டி 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஹாங்காங் மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 6,880 அடிகள் நடந்தார்கள். மலேசியர்கள் நடந்தது 3,963 அடிகள். ஒப்பிடப்பட்ட 46 நாடுகளில் நமக்கும் கீழே இருந்தவை இந்தோனேசியாவும் சவூதி அரேபியாவும் மட்டுமே. சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஹாங்காங்கில் காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இரயிலைப் பிடிக்க எல்லாரும் நடக்கிறார்கள். நாம் வீட்டு வாசலில் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறி, வகுப்பு வாசலில் இறங்குகிறோம்.

பங்சாரில் தங்கி மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அடுத்தது யுனிவர்சிட்டி. மூன்றே நிறுத்தம். அங்கிருந்து வளாகத்துக்குள் பேருந்து போகிறது. இறங்கிய பிறகு மேடும் பள்ளமுமான வளாகத்தில் கொஞ்சம் நடை. ஆனாலும் என் நண்பர்களில் பாதிப் பேர் கிராப் எடுக்கிறார்கள், அல்லது காரில் போகும் சீனியர் யாரையாவது பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டால், "வெயில்டா, பத்து நிமிஷம் கூடுதலா தூங்கலாம்டா" என்பார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தின் விலை என்ன? அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்து 2005இல் வந்த ஒரு கட்டுரை, அவர்களில் சரிபாதிப் பேர் நிலையத்துக்குப் போகவும் வரவும் மட்டுமே நாளொன்றுக்கு 19 நிமிடமோ அதற்கு மேலோ நடப்பதாகச் சொன்னது. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு என்றால் 95 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல், உடற்பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல், காலணி வாங்கும் செலவுகூட இல்லாமல், முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலைக்கு நடந்தே போகிறவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவாக இருந்தது. நடப்பவர்கள் இயல்பிலேயே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதற்கெல்லாம் கணக்கில் இடம் கொடுத்த பிறகும் வித்தியாசம் எஞ்சி நின்றது.

நடக்கும்போது தொடைத் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. சாப்பிட்ட பிறகு நடந்தால் அந்த வேலை இன்னும் நன்றாக நடக்கும். மதியம் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் பேருந்துக்குக் காத்திராமல் நடந்து போவது ஏதோ தியாகம் அல்ல; இரண்டு மணி வகுப்பில் தூங்கி விழாமல் இருப்பதற்கான வழி. நம் இனத்தவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மில் அதிகம். அதனால்தான் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை எண்ணில், 25 என்ற பொது எல்லைக்குப் பதிலாக, ஆசியர்கள் 23இலேயே கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் சொல்கிறது.

செலவையும் பார்த்துவிடுவோம். மாதம் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் மை50 பயண அட்டையில் ரேபிட் கே.எல். இரயில், பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். இரண்டு வாரக் கிராப் செலவு அதைத் தாண்டிவிடும். ஆனால் எல்லாப் பொறுப்பையும் மாணவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பங்சார் சாலைகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடைபாதை திடீரென ஒரு வடிகாலில் முடிந்துவிடும், இல்லாவிட்டால் அதன் மேல் கார் நிற்கும். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கக் கூரை இருக்காது. 'நடங்கள்' என்று சுவரொட்டி அடிக்கும் பணத்தில் பத்து மீட்டராவது கூரை போடலாம்.

அடுத்து குவளை. இங்கேதான் பசுமைப் பழக்கத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது. சர்க்கரை கலந்த பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் வரி விதித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கியது. பிறகு அது உயர்த்தப்பட்டது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வரும் பானங்களுக்கானது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தே தாரேக்கிற்கும் சிற்றுண்டிச்சாலையின் சிராப் பாண்டோங்கிற்கும் வரி கிடையாது. எவ்வளவு சர்க்கரை என்று எழுதிய சீட்டும் கிடையாது. கெட்டிப்பாலின் எடையில் பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே 20 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்கு நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ஒரு தே, மதியம் ஒரு மைலோ ஐஸ் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இரவில் குழுப்பணிக்காக மாமாக்கில் உட்காரும்போது வருவது தனி.

சொந்தக் குவளை இதில் எப்படி உதவும்? குவளை சர்க்கரையைக் குறைக்காது என்பது சரி. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கடையில் "தே ஐஸ், பொங்குஸ்" என்றால் இரண்டே சொல்லில் வேலை முடிகிறது. வழக்கமான அளவில் எல்லாம் விழுந்து, பையில் கட்டி வந்துவிடும். குவளையை நீட்டினால் கடைக்காரரோடு பேசியாக வேண்டும். "அண்ணே, இதுல ஊத்துங்க, இனிப்பு கொஞ்சமா" என்று சொல்ல அங்கே ஓர் இடம் கிடைக்கிறது. பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிடலாம். ஒரு மாதம் போனால் அந்த அண்ணன் கேட்காமலேயே "கோசோங்தானே தம்பி?" என்பார். முதல் வாரம் கசக்கும். மூன்றாம் வாரம் பழைய தே தாரேக் தெவிட்டும். நாக்கு அப்படித்தான் பழகுகிறது.

குவளையில் வெறும் தண்ணீர் இருந்தால் இன்னும் எளிது. தாகம் எடுத்த நேரத்தில் கையில் தண்ணீர் இருப்பவர், தானியங்கி விற்பனை இயந்திரத்தில் காசு போடுவது குறைவு. சாதாரண கோலா பானம் ஒரு டின்னில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். வாரத்துக்கு மூன்று டின்னைத் தவிர்த்தால், ஒரு மாதத்தில் தவிர்க்கும் சர்க்கரை 400 கிராமுக்கு மேல். குப்பைக்குப் போகாத டின்கள் அதோடு கிடைக்கும் உபரி லாபம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: குவளையைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தையும் சேர்த்து. திங்கட்கிழமை ஊற்றிய மைலோவின் வாசம் வியாழக்கிழமை வரை வருமானால் அது பசுமைப் பழக்கம் அல்ல, வயிற்றுப்போக்குக்கு அழைப்பிதழ்.

இனி உணவுக் கலன். கோலாலம்பூரில் 2017 செப்டம்பர் முதல் உணவுப் பொட்டலத்துக்குப் பாலிஸ்டைரின் பெட்டிகளைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு பழுப்பு நிறக் காகிதப் பெட்டிகளும் காகிதக் குவளைகளும் வந்தன. காகிதம்தானே, பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். சூடானது ஒழுகாமல் இருப்பதற்காகக் காகிதத்தின் உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அத்தகைய குவளைகளில் 100 மில்லிலிட்டர் சுடுநீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 25,000 நுண்ணெகிழித் துகள்கள் நீரில் இருந்தன. ஒரு தேநீர் குடிக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான்.

மாணவர்களை வைத்தே செய்த சோதனை ஒன்றும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 77 மாணவர்கள் ஒரு வாரம் பாலிகார்பனேட் என்ற கெட்டி நெகிழிப் புட்டிகளில் மட்டும் குளிர்பானம் குடித்தார்கள். அவர்கள் சிறுநீரில் பிஸ்பெனால் ஏ என்ற வேதிப்பொருளின் அளவு 69 விழுக்காடு கூடியது. 2009இல் வெளியான ஆய்வு இது. உடலின் இயக்குநீர்களைப் போல நடந்து குழப்பம் செய்யக்கூடிய பொருள் என்பதால்தான் பிஸ்பெனால் மீது இத்தனை கவனம். இப்போது பல புட்டிகளில் 'பி.பி.ஏ. இல்லை' என்று அச்சிட்டு வருவது இப்படிப்பட்ட ஆய்வுகளின் பலன்.

இதில் ஓர் ஆச்சரியமும் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதெல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நம் உணவகங்களில் மீ சூப் வரும் வண்ண வண்ண மெலமின் கிண்ணங்கள் எத்தனை ஆண்டானாலும் உடையாது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். தைவானில் 12 பேருக்குச் சூடான நூடல்ஸ் சூப்பை ஒருமுறை மெலமின் கிண்ணத்திலும் இன்னொருமுறை பீங்கான் கிண்ணத்திலும் கொடுத்துச் சோதித்தார்கள். சிறுநீரில் வெளியான மெலமின், பீங்கானோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. அளவு மைக்ரோகிராம் கணக்குதான். ஒரு கிண்ணம் மீ சூப்பால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. நுண்ணெகிழி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையும் அறிவியல் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீரிழிவோடு ஒப்பிட்டால் இது சிறிய ஆபத்து. ஆனால் தவிர்க்கும் வழி மிக மலிவாக இருக்கும்போது ஏன் தவிர்க்கக்கூடாது? சூடானதற்கு எஃகு, பீங்கான், கண்ணாடி. அவ்வளவே.

எஃகு என்றதும் நினைவுக்கு வருவது தூக்குச்சட்டி. பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டி வந்தது என்று சொல்வார்கள். இன்று காபி ஒன்று 16 வெள்ளிக்கு விற்கும் இந்த இடம் அன்று இரப்பர் தோட்டம். தோட்டப் பாட்டாளிகள் விடியலில் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டுதான் வேலைக்காட்டுக்குப் போனார்கள். மலாய் நண்பர்கள் வீட்டில் அடுக்கடுக்காக 'மங்கோக் திங்காட்' இருக்கும். நம் தாத்தா பாட்டிகளுக்கு இது சுற்றுச்சூழல் இயக்கம் அல்ல, வாழ்க்கை. அந்தத் தூக்குச்சட்டி இன்றும் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எண்பது வெள்ளி கொடுத்துப் புதிதாக 'இகோ' கலன் வாங்கச் சொல்லும் விளம்பரத்துக்கு மயங்குவதற்கு முன் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள். மூங்கில் உறிஞ்சுகுழல், தேங்காய் ஓட்டுக் கரண்டி என்று பங்சார் கடைகளில் அழகாக அடுக்கி விற்பதெல்லாம், என்னைக் கேட்டால், பையைக் கனக்கச் செய்யும் பொருள்கள்.

கலன் கையில் இருந்தால் உணவின் அளவையும் நாமே முடிவு செய்யலாம். கலப்புச் சோற்றுக் கடையில் பெட்டியை நிரப்பித் தருவது கடைக்காரரின் வழக்கம். நம் கலனில் சோற்றுக்கு ஒரு பகுதி, காய்க்கு இரண்டு பகுதி என்று கேட்டு வாங்கலாம். இந்தக் காய்தான் நம் பெரிய குறை. நாட்டில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழங்கள் சாப்பிடுவதில்லை என்கிறது சுகாதார அமைச்சின் ஆய்வு. சாலட் விலையைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். ஞாயிறு மாலை பங்சார் பாரு தெலாவி சாலையில் கூடும் பாசார் மாலாமில் கங்கோங், சாவி கீரைக் கட்டுகள் ஒரு காபி விலையில் நாலைந்து வாங்கலாம். விடுதியில் அடுப்பு வைக்க அனுமதி இல்லையே என்பது நியாயமான மறுப்பு. வீட்டுக்குப் போய் வருபவர்கள் சமைத்து எடுத்து வரலாம். விடுதியில் இருப்பவர்கள் வெள்ளரி, கேரட், கொய்யா, பப்பாளி என்று பச்சையாகத் தின்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

காய்கறி தின்னப் பிடிக்காதவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு: அது வளர்வதைப் பாருங்கள். பங்சாரின் புக்கிட் பண்டாராயா பகுதியில் உயர் அழுத்த மின்கம்பிகள் போகும் மலைச்சரிவில் 'கெபுன் கெபுன் பங்சார்' என்ற சமூகத் தோட்டம் இருக்கிறது. நிலவனப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று 2017இல் தொடங்கியது. கட்டடம் எதுவும் எழுப்ப முடியாத நிலத்தில் இன்று கீரை, வாழை, மூலிகை என்று விளைகிறது. ஆடு, மாடு, கோழி, தேனீ கூட உண்டு. விளைச்சலில் ஒரு பங்கு வசதியற்றோருக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குப் போகிறது. களை பிடுங்கவும் உரம் சுமக்கவும் தன்னார்வலர்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்துப் பாருங்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் கட்டிய மாதச் சந்தா வீண் என்று தோன்றிவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உணவுக் கழிவை உரமாக்கும் திட்டம் பத்தாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. 1974இல் அமைந்த 'ரிம்பா இல்மு' தாவரவியல் பூங்கா 80 ஹெக்டரில் விரிந்து கிடக்கிறது. அதன் வாசலைத் தாண்டாமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எத்தனையோ பேர்! தேர்வு நெருக்கத்தில் மனம் இறுகும்போது இந்த இடங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் பலனில் வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் இன்னொரு சோதனை: மனஅழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சிலரைத் தோட்டவேலை செய்யவும் சிலரை அறைக்குள் புத்தகம் படிக்கவும் விட்டார்கள். அரை மணி நேரத்தில் இரு சாராருக்கும் மனஅழுத்தச் சுரப்பான கார்டிசோல் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு இன்ஸ்டாகிராமில் கட்டைவிரலைத் தேய்ப்பதைவிட நல்ல வழியாகத் தெரிகிறது.

இதை வாசிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒன்று: பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் போய், சீனி போடாத பானம் ஒன்றை வையுங்கள் அக்கா என்று கேட்டால் பெரும்பாலும் வைப்பார். வியாபாரம்தானே. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு வளாகத் தேர்தல் இருக்கிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். எங்கள் புலத்தில் தண்ணீர் நிரப்பும் இயந்திரம் எத்தனை, அதன் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? கலனைக் கழுவ உணவகத்தில் தொட்டி உண்டா? பேருந்து நிறுத்தத்திலிருந்து நூலகம் வரை கூரை எப்போது வரும்?

இன்னொரு வேலை இந்த வாரமே முடிகிற வேலை. அரசாங்கச் சுகாதார மையத்தில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ நீரிழிவு இருக்கிறது என்று சொல்லி இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. வரும் எண்ணைத் திறன்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு இதே மாதம் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.